வாய் வறண்ட வழக்கு

ஆற்றைப் பார்த்த இந்தப் பொதுக்கூடத்தில், காலையிலிருந்து ஒருமுறையும் சிரிக்காமல் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்த்தலைவர், மாண்புமிகு எலிசெயோ நொத்தேனோ அவர்களே! வேட்டையில் முதிர்ந்து, வெள்ளத்தில் முதிர்ந்து, கோபத்தில் மட்டும் இன்னும் முதிராத பெரியோர்களே! வாயால் மென்று, வாயால் வளர்த்து, வாயாலேயே எங்களை அடக்கியும் வைத்திருக்கும் தாய்மார்களே! புகையிலைப் புகையால் நோயோடு பேசும் மூத்த வைத்தியர் காசிமிரோ ஐயா அவர்களே! நடந்ததற்குச் சாட்சி சொல்லக் கீழாற்று ஊரிலிருந்து துடுப்புப் போட்டு வந்திருக்கும் விருந்தினர்களே! தூணில் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு, சாய்த்த இடத்தை விட்டு நகராமல் நிற்கும் தம்பி செகுந்தோவே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அவன் மனைவி, எனக்குத் தங்கை முறையான தெயோலிந்தாவே! பக்கத்தில் ஒருவரும் உட்காரத் துணியாத பலகையில் தன்னந்தனியே இருக்கும் ஒடிலியாவே! உங்கள் அனைவருக்கும், இந்த ஊரில் பிறந்து, இந்த ஊருக்கே ஊசி போடும் நெலிடா கொகிஞ்சேயின் வணக்கம்.

தலைவரே, நான் பேசத் தொடங்குமுன் துறையைப் பார்த்தேன். படகு தயாராக நிற்கிறது. ஒடிலியாவின் பானை ஏறிவிட்டது. கொசுவலை ஏறிவிட்டது. அவள் கோழிகளைக் காலைக் கட்டி ஏற்றிவிட்டீர்கள். நான் பேசி முடித்ததும் கைதூக்கி முடிவு செய்வதாகத்தானே சொன்னீர்கள்? கை தூக்குமுன்னே கோழியைத் தூக்கிவிட்டீர்களே! இந்த ஊரில் நீதி நடந்து வருகிறது, கோழி பறந்து போகிறது.

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். சிரிக்கிற கூட்டம் அவசரப்பட்டுக் கை தூக்காது.

என்ன? "நீ ஒடிலியாவுக்குச் சொந்தக்காரிதானே, அவ பக்கம்தான் பேசுவே" என்கிறீர்களா? ஆமாம், அவள் என் மாமன் மகள். தெயோலிந்தா எனக்குச் சித்தப்பன் மகள். தலைவர் என் அத்தையின் கணவர். இந்த ஊரில் எனக்குச் சொந்தமில்லாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், அவரையே பேச விடலாம். கை ஒன்றும் எழவில்லை. ஆகவே நான் பேசுகிறேன்.

வழக்கு என்ன? மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். தெயோலிந்தாவின் வாய் வறண்டுவிட்டது. ஒடிலியா சூனியம் வைத்தாள், கண்ணுக்குத் தெரியாத பொறாமை முள்ளை ஊதித் தொண்டையில் ஏற்றினாள் என்பது குற்றச்சாட்டு. தண்டனை, பிள்ளைகளோடு ஊரை விட்டுத் துரத்துவது. ஆனால் சிலருக்கு அதுவும் போதவில்லை. இருட்டிய பிறகு என்ன செய்யலாம் என்று நேற்றுக் கரையோரம் குசுகுசுத்தார்கள். குசுகுசுத்தவர்களுக்குச் சொல்கிறேன், காற்று என் வீட்டுப் பக்கம் வீசியது.

வெளியூரில் ஒரு பெண்ணின் வாய் வறண்டால் "தண்ணீர் குடி" என்பார்கள், அதோடு முடிந்தது. நமக்கு அப்படியா? அவித்த மரவள்ளியை இடித்து, மென்று, உமிழ்ந்து, பிசைந்து, பானையில் உறங்கவைத்துத்தானே மசாத்தோ வடிக்கிறோம்! காடு திருத்தவும் அதுதான் கூலி, கல்யாணத்துக்கும் அதுதான் சீர், சாவுக்கும் அதுதான் ஆறுதல். மாவை இனிப்பாக்குவது யார்? மெல்லுகிறவளின் எச்சில்! அந்த எச்சிலில் இந்த ஊருக்கு ஒரு அரசி உண்டென்றால் அவள் தெயோலிந்தா. அவள் மென்ற பானை மறுநாளே தேன் மணக்கும், மூன்றாம் நாள் நாக்கைக் கிள்ளும். நான் மென்ற பானையைப் பற்றிப் பேச வேண்டாம். என் கணவரே ஒருமுறை குடித்துப் பார்த்துவிட்டு, "இதுல துணி தொவைக்கலாம்" என்றார். அன்றே நான் ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

சிரித்து முடித்தாயிற்றா? இனிச் சிரிப்பதற்கு அதிகமில்லை.

ஊர் ஆண்டுவிழாவுக்கு முதல் மரவள்ளி இடித்த அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். தெயோலிந்தாவும் ஒடிலியாவும் யார்? ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் ஞானத்தாய். கொமாத்ரே, கொமாத்ரே என்று ஒருவரை ஒருவர் அழைக்காமல் ஒரு பொழுது போகாது. ஒரே மரத்தொட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து மென்றவர்கள். அன்றைக்குத் தொட்டி இரண்டு ஆனது. விழாப் பானைக்கு யார் தலைமை என்ற பேச்சு எழுந்தது. கேட்டவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

"போன வருசமும் நீதான், அதுக்கு முந்தின வருசமும் நீதான். ஒரு தடவ நான் மென்னா ஊரு ஆத்தோட போயிடுமா, கொமாத்ரே?" என்று கேட்டாள் ஒடிலியா.

"மென்னு பாரேன். நீ மென்னத குடிச்சிட்டுத்தான போன தடவ தலைவரு ரெண்டு நாள் புதர விட்டு வரல!" என்றாள் தெயோலிந்தா.

மன்னிக்க வேண்டும் தலைவரே, வழக்கின் பொருட்டுச் சொல்கிறேன்.

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் நெருப்பு. ஒடிலியா எழுந்தாள், மென்றதைத் துப்பினாள், சொன்னாள்: "இந்த வாயிதான உன்ன இப்டி ஆட வைக்குது? அந்த வாயி காஞ்சு போவட்டும்டி!"

சொன்னாளா? சொன்னாள். நான் மறுக்கவில்லை. சொல்லி எட்டு நாள் ஆகுமுன்னே தெயோலிந்தாவின் வாய் காய்ந்ததா? காய்ந்தது. காய்ந்த வாயோடு பிறகு அவள் மென்ற பானை விழாவன்று மாவுத் தண்ணீராய்க் கிடந்தது, இனிக்கவில்லை, புளிக்கவில்லை, கிள்ளவில்லை. கீழாற்று விருந்தினர் கிண்ணத்தை வாயில் வைத்துவிட்டு, எழுந்துபோய் வாழை மரத்தடியில் ஊற்றினார்கள். ஊற்றினீர்களா இல்லையா? தலையாட்டுகிறார்கள். கொடுத்த கிண்ணத்தைத் தரையில் ஊற்றுவதைவிட நம் பெண்களுக்கு வேறு அவமானம் உண்டா? தெயோலிந்தா அன்று கொசுவலைக்குள் போனவள்தான், இன்று இந்தக் கூட்டத்துக்குத்தான் வெளியே வந்திருக்கிறாள்.

பிறகு முதற்கூட்டம். தடுப்பூசிப் பெட்டியோடு மேலாற்றுக்குப் போயிருந்த நான் அதில் இல்லை. இதே இடத்தில் ஒடிலியாவை நிறுத்தினீர்கள். "முள்ள ஊதினியா, இல்லையா? சொல்லு!" என்று கத்தினீர்கள். அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையால் சைகை காட்டித் தண்ணீர் கேட்டாள். "பாத்தியா! ஊதுன வாயில வார்த்த வரல! குத்தம்தான் கழுத்தப் புடிக்குது!" என்றான் செகுந்தோ. அதோடு எல்லாம் முடிந்தது, கோழியைக் கட்டினீர்கள்.

ஆக, வாய் வறண்டது ஒருத்திக்கா, இருவருக்கா? இருவருக்கு! ஒரு வறட்சிக்கு வருந்தினீர்கள், மறு வறட்சிக்குத் தண்டித்தீர்கள். ஒருத்தி வாய் வறண்டால் பாவம், மற்றவள் வாய் வறண்டால் பாதகமா? எந்த ஊர் நியாயம் இது?

அன்பானவர்களே, எச்சில் எங்கே ஊறுகிறது? யார் திறக்கிறார்கள்? யார் அடைக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருத்தியை ஆற்றில் தள்ளலாமா?

எல்லோரும் ஒருமுறை கண்ணை மூடுங்கள். காசிமிரோ ஐயா, நீங்களும்தான். செகுந்தோ, நீ மூட மாட்டாய், பரவாயில்லை. நல்ல மஞ்சளாய்ப் பழுத்த, புளிப்பேறிய கொகோனாப் பழம் ஒன்று. தோலில் வெயில் சூடு இன்னும் இருக்கிறது. கத்தி இறங்குகிறது. சாறு விரலில் வழிகிறது. கல்லுப்பைத் தூவுகிறேன், உப்பு கரைகிறது, மேலே இடித்த காரமிளகாய். கீற்றை எடுத்து நாக்கின் ஓரத்தில் வைக்கிறேன்...

கண்ணைத் திறங்கள். இப்போது யார் யார் விழுங்கினீர்கள்? மறைக்காதீர்கள், தொண்டைகள் ஏறி இறங்கியதை மேடையிலிருந்து பார்த்தேன். தலைவரே, நீங்கள் இரண்டு முறை விழுங்கினீர்கள். பழம் எங்கே? இல்லை. உப்பு எங்கே? இல்லை. வெறும் சொல்! என் சொல் காதில் போயிற்று, உங்கள் வாயில் ஆறு ஊற்றுகள் திறந்துகொண்டன. காதுக்கு முன்னே இரண்டு, தாடைக்கு அடியில் இரண்டு, நாக்குக்கு அடியில் இரண்டு. அவை இரத்தத்திலிருந்து நீரை இழுக்கின்றன, உப்பில் பெரும்பகுதியை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன, மாவை இனிப்பாக்கும் சரக்கைக் கலக்கின்றன, குழாய் வழியே வாய்க்கு அனுப்புகின்றன. நாளொன்றுக்கு நீங்கள் விழுங்குவது ஒரு சின்னக் குடம். தெயோலிந்தாவின் பானைக்கு இனிப்பு வந்தது அந்தச் சரக்கால்தான்.

வாயோடு நின்றதா? இல்லை! மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிற்றுக்கு இறங்கும் நீண்ட நரம்பு ஒன்று உண்டு. நாக்கு விழுங்குமுன்னே அது வயிற்றைத் தட்டி எழுப்புகிறது: "ஏய், சோறு வருது, எந்திரி!" வயிற்றுச் சுவரின் நுண்ணிய குழிகளில் அமிலம் ஊறத் தொடங்குகிறது. இறைச்சியை அறுக்கும் சாறு ஊறுகிறது. அந்தச் சாறு வயிற்றையே அறுத்துவிடாமல் வழுவழுப்பான பூச்சும் ஊறுகிறது. உணவு வந்து விழுந்ததும் வயிற்றின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு தூதன் இரத்தத்தில் குதித்து, உடம்பைச் சுற்றி, மறுபடி வயிற்றுக்கே வந்து, "ஊத்து, இன்னும் ஊத்து" என்கிறான். புளிப்பு மிகுந்ததும் அவன் வாயை மூடிக்கொள்கிறான். உணவு குடலுக்கு இறங்கியதும் குடல் ஆள் அனுப்புகிறது: "போதும்ப்பா, நிறுத்து, இங்க எடமில்ல!" சொல்ல ஒருவன், நிறுத்த ஒருவன். நம் ஊர்க் கூட்டத்தைவிட ஒழுங்காக நடக்கிற கூட்டம் அது.

என்ன, பின்னால்? "முள்ளப் பத்திப் பேசு" என்கிறீர்களா? வருகிறேன். முள்ளுக்குத்தான் வருகிறேன். ஆனால் நடுவில் ஒரு புலி நிற்கிறது.

தலைவரே, நீங்கள் அடிக்கடி சொல்லும் கதைதான். வாலிப வயதில், உப்பங்குட்டைப் பக்கம், திரும்பிப் பார்த்தால் சிறுத்தைப்புலி. கூட வந்தவர் கூப்பிடு தூரத்தில் நிற்கிறார். கத்தினீர்களா? நீங்களே சொன்னது எனக்கு மனப்பாடம்: "கத்தணும்னு வாயத் தொறந்தேன் புள்ள, நாக்கு காஞ்ச தோலு மாதிரி ஒட்டிக்கிச்சு. சத்தமே வரல." அப்படித்தானே? தலையாட்டுகிறார். அன்று உங்கள் தொண்டையில் முள் ஊதியது யார்? புலியா சூனியம் வைத்தது? ஆபத்தைக் கண்டதும் உடம்பு சொல்கிறது, "ஓடு, இல்லன்னா அடி, திங்கிற வேலைய அப்புறம் பாத்துக்கலாம்." வாயின் ஊற்றுகளைத் திறக்கிற நரம்பை மூளை அடக்கிவிடுகிறது. எச்சில் குறைகிறது, இருப்பதும் பிசினாய்க் கெட்டிப்படுகிறது. புலியைக் கண்ட தலைவருக்கு அது வீரக்கதை. ஊரே புலியாய்ச் சூழ்ந்து நின்றபோது ஒடிலியாவுக்கு அது குற்றமா? அவள் முன்னே எத்தனை புலி! எத்தனை கத்தி! எத்தனை துப்பாக்கி! நாக்கு ஒட்டாமல் என்ன செய்யும்?

ஒடிலியாவின் வாயை வறளவைத்தது நாம்தான். ஒரு வறட்சிக்கு விடை கிடைத்துவிட்டது.

இனித் தெயோலிந்தாவின் வறட்சி. அவள் வாய் காய்ந்தது பொய்யல்ல, நடிப்பல்ல. அதையும் உரக்கச் சொல்கிறேன்.

நேற்று முன்தினம் மேலாற்றிலிருந்து வந்ததும் அவள் வீட்டு ஏணியில் ஏறினேன். நட்ட நடுப்பகல். உங்கள் எல்லோர் முதுகிலும் வியர்வை ஒழுகிய வெயில். அவள் கொசுவலையைத் தைக்க ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறாள். ஊசியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறாள், கிட்டே கொண்டுவருகிறாள், நூல் வேறு எங்கோ போகிறது.

"கண்ணுல என்ன?" என்றேன்.

"தெரியலக்கா. கிட்ட இருக்கறதெல்லாம் பொகையா இருக்கு. முள்ளு கண்ணுக்கும் ஏறிடுச்சுன்னு அவரு அழுவுறாரு."

அவள் கையைத் தொட்டேன். வியர்வையில்லை, உலர்ந்த சூடு. நாடி குடுகுடுவென்று ஓடியது. வெளிச்சத்துக்குத் திருப்பினேன், கண்ணின் கருமணி அத்தனை வெயிலிலும் அகல விரிந்து நின்றது. காசிமிரோ ஐயா, உங்கள் மேல் மதிப்பு வைத்துத்தான் கேட்கிறேன். தொண்டையில் முள் குத்தினால் தொண்டை வலிக்கும். கருமணி ஏன் விரிய வேண்டும்? உள்ளங்கை ஏன் உலர வேண்டும்? முகத்தைத் திருப்பாதீர்கள் ஐயா, பதிலும் நானே சொல்கிறேன்.

"என்ன குடிக்கிற? மறைக்காம சொல்லு" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. வயித்து வலிக்குச் சொட்டு மருந்து. அவ்ளோதான்."

இதோ, என் கையிலிருக்கும் இந்தப் புட்டி! முன்வரிசை, நன்றாகப் பாருங்கள். ஆற்றில் வரும் மிதக்கும் கடையில் வாங்கியது. வயிறு முறுக்கி இழுத்தால், கொஞ்ச நாளைக்கு, சில சொட்டு குடிக்க வேண்டிய மருந்து. கெட்ட மருந்தல்ல. இது என்ன செய்கிறது தெரியுமா? திறக்கிற நரம்பு வந்து சுரப்பியின் கதவைத் தட்டுகிறது அல்லவா, அந்தத் தட்டல் உள்ளே கேட்காமல் காதை அடைக்கிறது. வயிற்றின் முறுக்கு தளர்கிறது, நல்லது. அதோடு வயிற்றுச் சாறும் குறைகிறது, எச்சிலும் நிற்கிறது, வியர்வையும் நிற்கிறது, கருமணி விரிகிறது, கிட்டப் பார்வை மங்குகிறது. ஒரு கதவை அடைக்கச் சொன்னால் தெருவையே அடைக்கிற மருந்து இது!

எத்தனை சொட்டுக் கொடுத்தாய் என்று செகுந்தோவைக் கேட்டேன். அவன் சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "மொதல்ல கொஞ்சமாத்தான்க்கா குடுத்தேன். அப்புறம் வாய் காய ஆரம்பிச்சிச்சு. சரி, நோவு முத்துதுன்னு கூடக் குடுத்தேன்." வாய் காய்கிறது, மருந்து கூடுகிறது! மருந்து கூடுகிறது, வாய் காய்கிறது! அன்பாலேயே ஒருத்தியை வறட்டி எடுத்திருக்கிறான்.

செகுந்தோ! துப்பாக்கியில் கை வைக்காதே. நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அவள் வலியில் சுருண்டபோது, கடைப்படகின் பின்னால் நடு ஆற்றில் நீந்திப் போய் இந்தப் புட்டியை வாங்கி வந்தவன் நீ. இந்த ஊரில் எத்தனை கணவன்மார் அப்படி நீந்துவார்கள்? என் வீட்டுக்காரர் கரையில் நின்று கையசைத்திருப்பார். உனக்கு வயிறு எரிகிறது, பயம் எரிகிறது, அவளை இழந்துவிடுவாயோ என்று நெஞ்சு எரிகிறது. எரிகிறவனுக்கு ஒரு எதிரி வேண்டும். எதிரி பக்கத்து வீட்டில் கிடைத்தாள். அதுதான் நடந்தது, தம்பி.

யாரோ கேட்கிறார்கள், நல்ல கேள்வி: "வயித்து வலி எதனால வந்திச்சு? அந்தச் சாபத்தாலதான?"

ஆம்! ஆம் என்கிறேன்! அதையும் ஒப்புக்கொள்ளத்தான் இங்கே ஏறினேன். ஒடிலியாவின் சொல் தெயோலிந்தாவின் வயிற்றில் விழுந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் கோபத்தில் வெறும் வயிற்றில் மிளகாய்ச் சாறு, அதன் மேல் புளித்த பழைய மசாத்தோ. உணவில்லாத வயிற்றில் அமிலம் என்ன செய்யும்? பூச்சு தேய்ந்த இடத்தைக் கடிக்கும். எரிந்தது, முறுக்கியது, மருந்து வந்தது, வாய் காய்ந்தது. சொல்லுக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்லவே இல்லை. நான் வெறும் சொல்லால்தானே உங்கள் ஆறு ஊற்றையும் திறந்தேன்? நீங்கள் வெறும் சொல்லால்தானே ஒடிலியாவின் ஊற்றை அடைத்தீர்கள்? ஆனால் ஒடிலியாவின் சொல் கொடுத்தது கோபம். தெயோலிந்தாவின் சொல் கொடுத்ததும் கோபம்தான், "புதர விட்டு வரல" என்றபோது ஒடிலியாவின் வயிறு எரியவில்லையா? வறட்டியது முள்ளல்ல, புட்டி! கோபப்பட்ட சொல்லுக்காகப் படகில் ஏற்றுவதென்றால், தாய்மார்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இந்தக் கரையில் நிற்க யார் மிஞ்சுவோம்?

"இதெல்லாம் பட்டணத்துல படிச்ச பேச்சு, நாங்க எப்டி நம்பறது" என்கிறார் காசிமிரோ ஐயா. கேட்டது நியாயம். ஆகையால் நம்பச் சொல்லப்போவதில்லை. பார்க்கச் சொல்லப்போகிறேன்.

நேற்று முன்தினம் நண்பகலிலிருந்து இந்தப் புட்டி என் பையில் இருக்கிறது. வேறு வைத்தியம் செய்கிறேன் என்று வாங்கி வந்தேன். அவளுக்கு அவித்த வாழைக்காயும், வயிற்றெரிச்சலுக்குச் சுண்ணாம்பு மாதிரி ஒரு மாத்திரையும்தான் கொடுத்தேன். இந்த மருந்தின் பிடி ஒரு பகலிலோ ஓர் இரவிலோ தளர்ந்துவிடும். நான் சொல்வது உண்மையானால், அவள் ஊற்றுகள் இந்நேரம் திறந்திருக்க வேண்டும். முள் இருந்தால், என் பையில் புட்டி இருப்பது முள்ளுக்குத் தெரியாது, வாய் காய்ந்தே இருக்கும். ஊறவில்லையென்றால் நான் தோற்றேன். ஒடிலியாவின் படகில் நானும் ஏறுகிறேன். என் கோழிகளையும் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது. ஊர் முழுக்க ஒருத்தியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால், மருந்தில்லாமலே அந்த வாய் காய்ந்துவிடும், புலியைச் சொன்னேனே. ஆகவே சத்தம் வேண்டாம். முணுமுணுப்பு வேண்டாம். துப்பாக்கியை யாராவது வெளியே கொண்டு போங்கள். தலைவரே, உத்தரவிடுங்கள். நன்றி. செகுந்தோ விட்டுவிட்டான், பாருங்கள், விட்டுவிட்டான்.

ஒடிலியா, எழுந்து வா. நீ பேச வேண்டாம், பேச முடியாது என்று தெரியும். இதோ என் பையில் கொகோனா. இதோ உப்பு. இதோ கத்தி. பயப்படாதீர்கள், பழம் அறுக்கிற கத்திதான்! மரவள்ளி மெல்ல உட்காருமுன் நீங்கள் இருவரும் எப்போதும் செய்வதைச் செய். வாய் ஊறுவதற்கு முதல் கீற்றை நீதானே அறுத்து அவளுக்குக் கொடுப்பாய்? அதே மாதிரி அறு. தெயோலிந்தா, தலையைத் தூக்கு. எங்களைப் பார்க்காதே, பழத்தைப் பார். ஒரே ஒரு கீற்றுத்தான், உன் வயிற்றுக்கு அதற்கு மேல் ஆகாது.

வந்தாள். உட்கார்ந்தாள். கத்தி நேராக இறங்குகிறது, பழகிய கை. பழம் பிளந்தது. வாசனை மேடை வரைக்கும் வருகிறது. விதைச் சாற்றை மற்றவர்கள் செய்வதுபோல வழித்து எறியாமல் கீற்றிலேயே விட்டுவிட்டாள், ஏனென்றால் தெயோலிந்தாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். உப்பைக் கிள்ளுகிறாள். தூவுகிறாள். நீட்டுகிறாள்.

நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது.

தெயோலிந்தா வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தாய்மார்களே, மூச்சு விடுங்கள், நீங்கள் மூச்சு விடாவிட்டால் எனக்கும் வரவில்லை. அவள் தொண்டை... அசையவில்லை. இல்லை, பொறுங்கள். அவசரப்பட்டுக் கை தூக்காதீர்கள், அந்தக் கையை இறக்கு! பொறுங்கள்.

அதோ.

விழுங்கினாள்! பார்த்தீர்களா? மறுபடி! மறுபடி விழுங்குகிறாள்! இதோ புறங்கையால் மோவாயைத் துடைக்கிறாள், காசிமிரோ ஐயா, கிட்டே வந்து பாருங்கள், அந்தக் கை ஈரமா இல்லையா? தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா, என்னைவிட உங்களை நம்புவார்கள்.

"ஈரம்தான்" என்கிறார்! மூத்த வைத்தியர் தம் வாயால் சொல்கிறார், "ஈரம்தான், நல்லா ஊறுது" என்று!

கீற்றை வாங்கிவிட்டாள். வாயில் வைத்துவிட்டாள். மெல்லுகிறாள். கண்ணிலும் நீர் வந்துவிட்டது, அதையும் அந்தப் புட்டிதான் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது. ஒடிலியாவும் அழுகிறாள். ஏதோ சொல்ல வருகிறாள் தெயோலிந்தா. எல்லோரும் அமைதி! என்னம்மா? உரக்கச் சொல், ஊருக்கே கேட்கட்டும்.

"கொமாத்ரே, உப்பு பத்தலடி."

கேட்டீர்களா? ஊர்த்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, கீழாற்று உறவுகளே, இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? இத்தனை நேரம் திறந்து வைத்த காதுகளுக்கு என் நன்றி. இப்போது ஊறிக்கொண்டிருக்கும் எல்லா வாய்களுக்கும் என் வணக்கம். யாராவது துறைக்கு ஓடி, அந்தக் கோழிகளின் கால்கட்டை அவிழ்த்து விடுங்கள்.